முள் ஏறிய நாள்

தம்பிதான் அம்மாவைக் கொன்றான் என்று அண்ணன் யாரிடமும் நேராகச் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "வண்டியில பெட்ரோல் இருக்கான்னுகூடப் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான்" என்று மட்டும் சொன்னான். அது போதாதா? சொந்தக்காரர்கள் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பாலத்தின் மேல் நின்றுபோன காரை அன்றைக்கே இழுத்துவந்து மெக்கானிக்கின் பட்டறையில் விட்டிருந்தார்கள். காரியங்கள் முடிந்ததும் தம்பி அண்ணனை அங்கே வரச்சொன்னான். டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்ததை அண்ணன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அண்ணன் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. அப்பா போனபின் வீட்டைப் பாகம் பிரித்தவர்களால் காரையும் அம்மாவையும் பிரிக்க முடியவில்லை. ஒரு வாரம் அண்ணன் வீடு, மறு வாரம் தம்பி வீடு என்று இரண்டும் ஒன்றாகவே கைமாறின. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் வந்து நிற்கும். முன்சீட்டில் அம்மா, மடியில் துணிப்பை, கண்ணுக்கெதிரே எரியும் ரிசர்வ் விளக்கு. அடுத்தவன் ஓட்டப்போகிற வண்டிக்கு நான் ஏன் பெட்ரோல் போட வேண்டும் என்று முதலில் ஆரம்பித்தது யார் என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. அன்றன்றைக்கு ஊற்றி அன்றன்றைக்கே தீர்த்தார்கள். வருஷக்கணக்கில் பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஏறியதில்லை. கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது, இருவரும் மற்றதற்கெல்லாம் தாராளமாகச் செலவு செய்கிறவர்கள். இது வெறும் வீம்பு. வீம்புக்கு முன்னால் புத்தி என்றைக்கு நின்றிருக்கிறது?

"எனக்கும் இப்படித்தான் அளந்து சோறு போடுவீங்களாடா?" என்று அம்மா ஒருதரம் கேட்டாள். தம்பி சிரித்து மழுப்பிவிட்டான்.

அன்றைக்குக் காலையில் அவன் டாங்கை நிரப்பியதும் அம்மாவுக்காக இல்லை. தூரத்து ஊரில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போவதாக இருந்தான். மத்தியானம் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, நல்லவேளை டாங்க் நிறைந்திருக்கிறது என்று ஒரு தெம்புகூட வந்தது. ஆம்புலன்சுக்குக் காத்திருப்பானேன் என்று தானே கிளம்பிவிட்டான்.

மெக்கானிக் பின்சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த டாங்க் மூடியைத் திறந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ஃப்யூயல் பம்பைச் சொட்டச் சொட்ட வெளியே எடுத்தார். அண்ணன் குனிந்து பார்த்தான். பெட்ரோல் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது.

ஃபுல்லாத்தான் இருக்கு என்று முனகினான். தம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழி நீங்கியது என்று நினைத்தான். அதோடு கிளம்பிப் போயிருக்கலாம். ஆனால் அண்ணன், பிறகு ஏன் நின்றது என்று கேட்டுவிட்டான்.

மெக்கானிக் பம்பைத் துணியில் வைத்துத் திருப்பிக் காட்டினார். "உள்ள மோட்டார் கருகிப்போச்சு சார். சுத்தி நிக்கிற பெட்ரோல்தான் இதச் சூடாகாமப் பாத்துக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் ரிசர்வ்ல ஓட்டினா ஒண்ணும் ஆகாது. எப்பவுமே ஓட்டினா கொஞ்சம் கொஞ்சமா வெந்துரும்." வண்டிக்கு வயசானாலும் பம்ப் போகும், எதனால் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். துக்க வீட்டுக்காரர்களை நோகடிக்க அவருக்கு மனமில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "கால் டாங்குக்குக் கீழ விடாதீங்கன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருந்தேனே."

சொல்லியிருந்தார். ஆயில் மாற்ற வந்தபோது தம்பியிடம் சொன்னார், பிரேக் பார்க்க வந்தபோது அண்ணனிடம் சொன்னார். அதைப் போய் அண்ணனிடம் சொன்னால், பெட்ரோல் போடச் சொல்லிக் கேட்டதாக ஆகிவிடும் என்று தம்பி வாயைத் திறக்கவில்லை. அண்ணன் திறக்காததும் அதற்காகத்தான் என்பது அவன் தலை குனிந்ததிலேயே தெரிந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா.

காலையில்தானே நிறைத்தேன் என்றான் தம்பி, அது ஏதோ கணக்கில் சேரும் என்பதுபோல. கருகினது கருகினதுதான் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கை கழுவப் போனார்.

அண்ணன், "அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டான்.

தம்பி அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பாலத்தில் ஏறும்போது அம்மா மூச்சு வாங்கியபடியே முள்ளைப் பார்த்தாள். எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள், மேலே நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"யாருடா போட்டதுன்னு கேட்டாங்க. நானும் அண்ணனும் சேர்ந்துதாம்மான்னு சொல்லிட்டேன். இப்பவாவது ஒண்ணு சேந்தீங்களேன்னு சொல்லி என் கையப் பிடிச்சாங்க."

அதற்குப் பிறகுதான் வண்டி குலுங்கி நின்றது. வேறு வண்டி வந்து சேர்ந்தபோது, பிடித்திருந்த அந்தக் கை குளிர்ந்திருந்தது.

"கடைசியா அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேண்ணா," என்றான் தம்பி.

அண்ணன் துணியில் கிடந்த பம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய் இல்லடா," என்றான். "இத நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம்."