சனிக்கிழமைத் தோல்

உப்பு ஏறிய விரல் வெடிப்புகள் எரிந்தன. மூன்று நாளாகியும் காமுவால் கையை முழுதாக மூட முடியவில்லை. அந்தக் கையால்தான் அவள் போலீஸ் அதிகாரியான தாரோகாவின் வண்டிக் குதிரையைக் கடிவாளத்தோடு பிடித்து நிறுத்தினாள். வண்டிக்குள் கயிறு கட்டிய கையோடு உட்கார்ந்திருந்தான் அவள் தம்பி ஏகாம்பரம்.

வங்காளத்துத் தாங்ராவில் அந்தத் தோல் கிடங்கு ஞாயிறும், விசுவகர்மா பூஜைக்காகத் திங்களும் பூட்டிக் கிடந்தது. செவ்வாய் காலை திறந்தபோது, காவல்காரன் ராம்பிரித் பின்கொட்டகையில் மண்டை பிளந்து கிடந்தான். வெள்ளி இரவு குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ஏகாம்பரத்தைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். "வெளிய வந்து உன்ன வெட்டுறேன்டா" என்று ஏகாம்பரம் கத்தியதைத் தெருவே கேட்டது. திங்கள் மத்தியானம் லாக்கப்பிலிருந்து விட்டார்கள். அன்று இரவே கொன்றுவிட்டான் என்று தாரோகா முடிவு கட்டிவிட்டார்.

பிணத்தைப் புரட்டியபோது காமு பார்த்திருந்தாள். காயத்தில் கொழுத்த புழுக்கள் நெளிந்தன. எட்டு வருஷமாகத் தோலோடும் ஈயோடும் கிடப்பவள் அவள்.

"சாமி, அவருகிட்ட சொல்லுங்க! நேத்து ராத்திரி செத்தவன் மேல இவ்ளோ பெரிய புழு வராது. இருட்டுல ஈ முட்ட வெக்காது. விடிஞ்சு வெச்சிருந்தா இந்நேரம் வெறும் முட்டதான் இருக்கும், ரவையாட்டம்."

கிடங்குக் கணக்கர் சந்தானம் மூக்கைப் பொத்தியிருந்த துண்டை எடுத்துவிட்டு வங்காளத்தில் சொன்னார். தாரோகா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஈக்குச் சம்மன் அனுப்பணுமாங்கறார். அவ்வளவுதான், குதிரையை விடு காமு" என்றார் சந்தானம்.

"எறங்கி வரச் சொல்லுங்க. கண்ணால காட்டுறேன்."

"எதைக் காட்டுவே?"

காமு தன் வெடித்த விரல்களைப் பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கடைசித் தோலுக்கு உப்புத் தேய்க்கும்போது விரல்களில் ரத்தம் கசிந்தது. ராம்பிரித் அதைப் பார்த்துவிட்டு, தன் பித்தளைக் கிண்ணம் நிறையக் கடுகெண்ணெய் கொண்டுவந்து நீட்டினான். "தடவிக்கிட்டு வீட்டுக்குப் போ மகளே" என்று அவன் பாஷையில் சொன்னான். எண்ணெய் பட்ட பிறகு அந்தக் கை உப்பைத் தொட மறுத்தது. அந்தத் தோலை அரைகுறையாக விட்டு, உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பூஜை விடுமுறை ஞாபகம் வரவில்லை. தோலை அழுக விட்டவர்களை முதலாளி அன்றைக்கே வெளியேற்றுவார்.

"ஒரு தோல அழுக விட்டுட்டேன் சாமி. சனிக்கிழம வந்தது. ஒளிச்சு வெச்சிருக்கேன்."

சந்தானம் தலையில் அடித்துக்கொண்டார். "அசடே, முதலாளி காதுல விழுந்தா உன் பொழைப்புப் போயிடுமேடீ!"

"போவட்டும். அவன் கழுத்துல சுருக்கு வுழாதில்ல? சொல்லுங்க சாமி!"

அவர் சொன்னார். இந்தத் தடவை தாரோகா வண்டியிலிருந்து இறங்கினார்.

காமு தோலை இழுத்துப் போட்டாள். நாற்றம் தாங்காமல் கான்ஸ்டபிள் வெளியே ஓடினான். வால் பக்கத்தில் கசாப்புக் கொட்டிலின் சனிக்கிழமை முத்திரை நீலமாகத் தெரிந்தது. புரட்டினாள். புழுக்கள் கொதித்தன. அது கிடந்ததும் பிணம் கிடந்த அதே கொட்டகைதான். பக்கத்திலேயே அன்று காலை கிடங்கு திறந்ததும் வந்த தோலை விரித்தாள். அதன் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள் மட்டும் அப்பியிருந்தன.

இத்தனை வருஷத்தில் ஒரு தோலைக்கூடத் தொட்டறியாத சந்தானம், வேட்டி உப்புச் சேற்றில் புரள மண்டியிட்டார். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். துடைப்பக் குச்சியால் காயத்திலிருந்து ஒரு புழு, தோலிலிருந்து ஒரு புழு எடுத்துத் தாளில் போட்டு, அடிக்கோலை வைத்தார்.

"அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. இது... இதுவும் அதே! பாபு, தேகுன், தேகுன்!" தாரோகாவைப் பார்க்கச் சொல்லி அவர் குரல் கிறீச்சிட்டது.

தாரோகா குனிந்தார். மறுபடி பிணத்தைப் பார்த்தார், தோலைப் பார்த்தார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"சனிக்கிழம ராத்திரி என் தம்பி எங்க இருந்தான்னு கேளுங்க சாமி!"

சந்தானம் கேட்டார். கேட்கும்போதே அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் இருமினான். ஏகாம்பரத்தை லாக்கப்பில் வைத்துப் பூட்டியவனே அவன்தான். தாரோகா தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, கயிற்றை அவிழ்க்கச் சொல்லித் தாடையை ஆட்டினார்.

"அக்கா, புழுவாலயா பொழச்சேன்?"

"குடிச்சு லாக்கப்புல கெடந்ததால பொழச்ச. இன்னொரு தபா குடிச்சேன்னு வையி, நானே வெட்டுவேன்" என்று சொல்லி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள், அழுதாள்.

கொன்றவன் யாரென்று அன்று தெரியவில்லை. இரண்டு மணிக்கு முதலாளி வந்தார். அழுகிய தோலை எட்டி உதைத்து, காமுவைப் போகச் சொன்னார். சந்தானம் ஏதோ பேசிப் பார்த்தார், எடுபடவில்லை.

அவள் தன் கத்தியையும் கோணிச் சாக்கையும் எடுத்தாள். சாக்குக்கு அடியில் பித்தளைக் கிண்ணம் இருந்தது. எண்ணெய் தீர்ந்து உலர்ந்திருந்தது. தேய்த்துக் கழுவி, நிரப்பித் திருப்பிக் கொடுப்பதாக அவனிடம் சொல்லியிருந்தாள்.

ராம்பிரித்துக்கு ஒரு கிண்ணம் கடுகெண்ணெய் பாக்கி.