இருபத்திரண்டு கணினிகள்

ஆஸ்பத்திரிப் பதிவு கவுண்டரில் புது பிரிண்டர் டோக்கன் தர மறுத்தது. ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் அக்கா மேசைக்கடியில் நுழைந்து கேபிளைப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கேபிளில் கோளாறில்லை. டோக்கன் சாப்ட்வேர்தான் பழசு. அதற்கு இந்தப் பிரிண்டரைத் தெரியாது.

"நம்ம கம்ப்யூட்டர்ல ஓடற லினக்ஸுக்குன்னு சொந்தமா ஒரு சாப்ட்வேர் கிடங்கு இருக்கு சார். அதுல புதுசு வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் பழைய பிரிண்டரையே ஓட்டலாம்," என்றாள் மேலாளரிடம்.

"அந்த சாப்ட்வேரைச் செஞ்சவங்க வெப்சைட்லயே புதுசு கிடக்குதே. இறக்கிப் போடுங்கம்மா."

"போடலாம் சார். கிடங்குலேர்ந்து போட்டா மத்ததோட சேர்ந்து அதுவும் அப்டேட் ஆகும். இது தனியா நிக்கும். மத்தது மாறினா ஒருநாள் படுத்துடும்."

"படுக்கும்போது பாத்துக்கலாம். நாளைக்கு சேர்மன் வர்றாரு. உங்க கான்ட்ராக்ட் பேப்பரும் என் மேசையிலதான் இருக்கு."

எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஆறு வருஷமாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தத் தாளில் விழும் கையெழுத்துக்காக மேலாளர் அறை வாசலில் நிற்பவள். தன் லாகினில் ஒவ்வொன்றாக இருபத்திரண்டு கணினிகளிலும் போட்டு முடித்தபோது நிமிர முடியவில்லை.

கிடங்கில் புதியது வந்ததும், மாற்றிவிடலாமா என்று கேட்டாள். "ஓடறதை ஏம்மா நோண்டறீங்க?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை, வழக்கமான அப்டேட் முடிந்து கணினிகள் எழுந்தன. டோக்கன் மட்டும் எழவில்லை. வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. "டாக்டரைப் பாக்க வந்தோமா, டோக்கனைப் பாக்க வந்தோமா?" என்றார் இருமிக்கொண்டிருந்த ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

எதை யார் போட்டார்கள் என்று கணினிகள் தாமாகவே எழுதிவைக்கும் பதிவேட்டை மேலாளர் அச்செடுத்து வைத்திருந்தார். தேதி, நேரம், சாப்ட்வேர், போட்டவர். இருபத்திரண்டு வரியிலும் அவள் பெயர்.

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க?"

"அது எங்கம்மா எழுதியிருக்கு?"

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதைக் காட்டவும் தெம்பில்லை. கான்ட்ராக்ட் இனி இல்லை என்ற கடிதத்தை நீட்டிய மேலாளர், கதவு வழியாக வரிசையை எட்டிப் பார்த்தார்.

"போறதுக்குள்ள இதைச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

அவள் லாகினைக் காலையிலேயே நீக்கியிருந்தார்கள். மேலாளரே தன் லாகினில் நுழைந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். வெப்சைட்டிலிருந்து முன்பு இறக்கிப் போட்டதை எடுத்துவிட்டு, அவள் கிடங்கிலிருந்து புதியதைப் போட்டாள். பிறகு அடுத்த கணினி, அதற்கடுத்தது, எல்லாம் அவர் லாகினில். கவுண்டரில் டோக்கன்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு பதிவேட்டிலும் தேதி, நேரம், சாப்ட்வேர் என்று ஒரு புது வரி ஏறியது. போட்டவர் என்ற இடத்தில் மேலாளர் பெயர் இருந்தது.