நீலத் தார்ப்பாய்

சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிற எனக்கு உடம்பு வலி பழகிப்போனது. பயம் பழகவில்லை. அன்று காலை மொட்டைமாடியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றுக்கரை உடைந்து மேற்குப் பக்கத்து ஊர்கள் மூழ்கி ஒன்பது நாளாகிறது. என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். போன் போகவில்லை. எங்கள் புறா சங்கத்தார் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். நிவாரண லாரியில் புறாக்களை ஏற்றி அனுப்பி, வெள்ளக்கரையில் திறந்துவிடுவது. வீடு திரும்புகிற ஒவ்வொரு புறாவுக்கும் ஒருவர், வெள்ளத்தில் தவிப்பவர்களுக்கு இத்தனை கம்பளி தருவதென்று ஒப்புக்கொள்வார். என் புறா சாம்பல்காரிக்கு எங்கள் தெரு வெல்டர் இருபது கம்பளி சொல்லியிருந்தார். ஒரே ஒரு விதி: புறா தானாகக் கூட்டுக்குள் நுழையவேண்டும். வெளியே கையால் பிடித்தால் செல்லாது.

நான் எழுத்துக் கற்றதே நாற்பதுக்கு மேல். அக்காவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அதனால் லாரி டிரைவரிடம் ஒரு சிவப்பு நூலைக் கொடுத்தனுப்பினேன்.

“அக்காவப் பாத்தா, அவ கையாலயே இத சாம்பல்காரி கால்ல கட்டச் சொல்லுங்க. பாக்கலன்னா…”

“பாக்கலன்னா சும்மா பறக்க விட்டுடறேன்,” என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். பொருள் இறக்கிவிட்டு அவர் திரும்ப ஒரு வாரம் ஆகும். எனக்குப் புறாவை விட்டால் வேறு தபால் இல்லை.

சங்கச் செயலாளர் முடிதிருத்தும் கடைக்காரர். நேரம் குறிக்க என் மாடிக்கே வந்துவிட்டார். என்னை ‘மூட்டை’ என்றுதான் கூப்பிடுவார்.

“பதினோரு புறா வந்தாச்சு, மூட்டை. உன்னோடதுதான் பாக்கி. உன்ன மாதிரியே பாரம் சுமந்துக்கிட்டு நடந்து வருதோ என்னவோ!”

என் மனைவி சிரிக்கவில்லை. வானத்தைக் காட்டினாள்.

சாம்பல்காரிதான். கூட்டுக்கு மேலே ஒரு சுற்று வந்தாள். இரண்டு. மூன்று. இறங்கவில்லை. காலை வயிற்றுக்குள் மடக்கியிருந்ததால் நூல் இருக்கிறதா என்று தெரியவில்லை. நாலாவது சுற்றில் தண்ணீர்த்தொட்டிக்கு அப்பால் போய் மறைந்துவிட்டாள்.

“யோவ், கூட்டு மேல என்னய்யா நீலமா?”

“ஒழுகுச்சுண்ணே. நேத்து புதுத் தார்ப்பாய் போட்டேன்.”

“மண்டையில மூளை இருக்கா, இல்ல அங்கயும் சிமென்ட்தானா? புறா வெளிய போயிருக்கும்போது கூட்டு மேல ஒரு துணிய மாத்தினாலும் அது இறங்காது. சங்கத்துல புதுசா சேர்ற எல்லாருக்கும் நீதானய்யா இதைச் சொல்லுவே!”

நான்தான் சொல்லுவேன். தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்தேன், நகத்தால் பிய்த்தேன். மனைவி கீழே ஓடிப்போய்க் கத்தி கொண்டுவந்தாள். தார்ப்பாயை உருவி எறிந்தபோது வானத்தில் ஒன்றுமில்லை. அக்காவைத் தண்ணீர் விட்டுவைத்திருந்தாலும் நானே துரத்திவிட்டதுபோல் இருந்தது.

எவ்வளவு நேரமோ. இறக்கைச் சத்தம் கேட்டது. கூட்டு வாசற்பலகையில் பொத்தென்று வந்து உட்கார்ந்தாள். நனைந்த உடம்பை உப்பவைத்துக்கொண்டு, காலை மூடி. கை நீட்டினால் பிடித்துவிடலாம்.

“தொடாதே மூட்டை,” என்றார் கடைக்காரர் மெல்ல. “இருபது கம்பளி.”

“கம்பளி கிடக்கட்டுங்க, பிடிங்க! உங்க அக்கா இருக்காங்களா இல்லையான்னு தெரியவேணாமா?” என்றாள் மனைவி.

என் கை பாதிவழி போய்விட்டது. அங்கே ஈரத்தில் உட்கார்ந்திருக்கிற இருபது பேரில் அக்காவும் ஒருத்தியோ என்னவோ. அவள் இல்லையென்றாலும் இருபது பேர் இருக்கிறார்கள். கையை இழுத்துக்கொண்டேன்.

தானிய டப்பாவை எடுத்தேன். மெல்ல ஆட்டினேன். சாம்பல்காரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். எழுந்தாள். கம்பித் தட்டியைத் தலையால் முட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கடைக்காரர் நேரம் குறித்தார். நான் கூட்டுக்குள் கைவிட்டேன்.

சிவப்பு நூல் இருந்தது. டிரைவரே கட்டியிருப்பாரோ என்று அதற்கும் ஒரு பயம். முடிச்சைப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. சின்ன வயதில் என் கால்சட்டை நாடாவை அக்கா இப்படித்தான் கட்டிவிடுவாள். அவசரத்துக்கு அவிழ்க்க முடியாமல் எத்தனை தடவை நனைத்திருக்கிறேன்.

“கத்தி இருக்கு. வெட்டிரலாமா?” என்றார் கடைக்காரர்.

“வேணாண்ணே,” என்றேன். “அவளே வந்து அவுக்கட்டும்.”

மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. டப்பாவைக் கீழே வைத்தேன். தார்ப்பாயை எடுத்துவந்து மறுபடி கூட்டின்மேல் விரித்தேன்.