‘ங்க’ விழும் இடம்

கூட்டம் கதைக்காகத்தான் வருகிறது என்று சென்னியப்பன் கடைசிவரை நம்பினார். எழுதியவர் அவர், நம்பிவிட்டுப் போகட்டும். என் மெட்டுக்காக வருகிறார்கள் என்று நானும் கொஞ்ச காலம் மிதப்பில் திரிந்தேன். உண்மையில் அவர்கள் வந்தது இரண்டு எழுத்துக்காக.

நாடகத்தின் பெயர் ‘முன்வாசல் பின்வாசல்’. எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு தொழிற்சங்க விழாவில் ஆரம்பித்தோம். அப்புறம் கோயில் நோம்பித் திருவிழா, கம்பெனி ஆயுத பூஜை என்று வருடக்கணக்கில் ஓடியது. பாட்டு பாதி, பேச்சு பாதி. வேலைக்காரி ஒருத்தியின் மகன் படித்து, முதலாளி வீட்டு மாப்பிள்ளை ஆகிவிடுகிறான். அதே வீட்டின் பின்வாசலுக்கு அவள் பாத்திரம் கழுவ வந்து சேர்கிறாள். தெரிந்தும் தெரியாதவனாக, நாடகம் முழுக்க அவளிடம் அவன் ‘வாங்க, போங்க, சொம்பை அங்க வைங்க’ என்றே பேசுவான்.

எங்கள் பக்கத்தில் அடிக்கப் போகிறவனிடம்கூட ‘ஏனுங்க’ என்றுதான் ஆரம்பிப்போம். பெரியவர்களில் பெற்ற தாய்க்கு மட்டும் ‘ங்க’ போட மாட்டோம். தாயென்றால் நீ, வா, போதான். கடைசிக் காட்சியில் மகன் தட்டை வீசிவிட்டு எழுந்து, “அம்மா, நீ முன்வாசல்ல வா” என்பான். ‘வாங்க’விலிருந்து அந்த ‘ங்க’ கழன்று விழுந்த நொடியில் பெண்கள் பக்கமிருந்து அழுகை கிளம்பும். “வந்துட்டேன் கண்ணு” என்பாள் தாய். நான் ஆர்மோனியத்தில் கடைசிப் பாட்டை எடுப்பேன்.

மகன் சென்னியப்பன். ஐம்பதைத் தாண்டியும் தலைக்கு மை பூசிக்கொண்டு மகனாகவே வந்தார். தாய் மருதாள். அவரைவிட இளையவள். ஆனாலும் ஒருவரும் சிரித்ததில்லை. அவள் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தால் வயதுக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது.

பகலில் அவளுக்குப் பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங் வேலை. நான் பக்கத்துக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். புருஷன் விட்டுப் போனபின் அவளுக்கு இருந்தது குமாரவேல் ஒருவன்தான். அவன் வளர்ந்ததே எங்கள் படுதாவுக்குப் பின்னால். நாடகம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். சென்னியப்பனுக்கு வசனம் மறந்தால் அவன்தான் எடுத்துக் கொடுப்பான்.

பெரியவனானதும் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தான். காண்ட்ராக்ட் எடுத்தான். தொண்ணூறுகளின் நடுவில் எக்ஸ்போர்ட் முதலாளி ஆனான். திருப்பூரில் அது அதிசயமில்லை. நாங்களும் சந்தோஷப்பட்டோம். பிறகு அவிநாசிப் பக்கம் பெரிய இடத்தில் பெண்ணெடுத்தான். கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. எங்களை விடுங்கள், மருதாளையே கூப்பிடவில்லை. மேடையேறி ஆடுகிறவளை எந்தப் பெரிய வீடு சம்பந்தி என்று ஒத்துக்கொள்ளும் என்று எங்கள் தெருவே அவனுக்கு வக்காலத்து வாங்கியது. எனக்கு அவன் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

“அவனுக்கு நேரமில்லீங்ணா,” என்பாள் மருதாள். “ஒரு நாளைக்கு வருவான். நாலு பேரு பாக்க அம்மான்னு கூப்புடுவான். எனக்கு வேறொண்ணும் வேண்டாமுங்க.”

ஒரு ஆயுத பூஜைக்கு அவன் கம்பெனியிலிருந்தே மேனேஜர் வந்து நாடகம் கேட்டார். மருதாளுக்குத் தலைகால் புரியவில்லை. “எம்பையன்தானுங்ணா சொல்லி உட்டுருக்கான்!” என்று செக்கிங் டேபிள் முழுக்கச் சொல்லிவிட்டாள். பேத்தியை அவள் பார்த்ததில்லை. கட் பீஸ் துணியில் அந்தக் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்து, மேக்கப் பெட்டியின் அடியில் மடித்து வைத்துக்கொண்டாள். எனக்குப் போகவே மனமில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியான நேரம். மிஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாமந்திச் சரம். முன்வரிசை நாற்காலியில் குமாரவேல், மடியில் குழந்தையோடு அவன் மனைவி. அவன் மாமனார் சிவசுப்பிரமணியம் மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிந்தார்.

“இந்த நாடகத்த நான் நாலஞ்சு தரம் பாத்துருக்கறனுங்க. எங்க மாப்பிள்ளைக்குத் தாயார் இல்லீங்க. அவரு சின்னப் பையனா இருக்கறப்பவே தவறிட்டாங்க. தாயோட அருமை தெரிஞ்சவரு பாக்கோணும்னு நாந்தானுங்க புடிவாதமா ஏற்பாடு பண்ணுனேன்.”

படுதாவுக்குப் பின்னால் மருதாள் தலைக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. “பொட்டியக் கட்டலாம் வா தங்கச்சி,” என்றேன்.

அவள் மீதித் தலைக்கும் வெள்ளையைப் பூசினாள். “பாக்கட்டுமுங்ணா. பாத்துட்டான்னா அவனுக்கு மனசு தாங்காது. இந்தப் பாட்டக் கேட்டுத்தான வளந்தான்?”

அன்றைக்கு அவள் பாடியதைப் போல் முன்னும் பின்னும் பாடியதில்லை. ஒவ்வொரு அடியையும் முன்வரிசையைப் பார்த்தே பாடினாள். தையல்காரப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் குமாரவேலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சி வந்தது. சென்னியப்பன் தட்டை வீசினார். அவர் “அம்மா, நீ” என்று ஆரம்பித்தபோது குமாரவேலின் உதடும் கூடவே அசைந்தது. பழைய பழக்கம். அதைப் பார்த்ததும், இத்தனை வருடம் அவனைத் திட்டித் தீர்த்த எனக்கே நெஞ்சு இளகிவிட்டது. வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

வரத்தான் வந்தான். நாடகம் முடிந்து பொன்னாடை போர்த்த மேடைக்கு வந்தான். கூடவே மனைவி, இடுப்பில் குழந்தை. அந்தப் பெண்ணின் கண்கள் அழுது சிவந்திருந்தன. மருதாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கத்தை இருந்திருந்தா உங்களாட்டத்தான் இருந்திருப்பாங்கன்னு தோணுச்சுங்க.”

மருதாள் மகனைப் பார்த்தாள். மேடையில் நாங்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்தோம். அவன் பொன்னாடையை அவள் தோளில் போட்டான்.

“ரொம்ப நல்லா நடிச்சீங்க,” என்றான். “எல்லாரும் இருந்து சாப்புட்டுட்டுப் போங்க.”

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. மருதாள் இரண்டு கையையும் கூப்பினாள்.

“சந்தோசமுங்க சாமி,” என்றாள்.

சாமி என்பது எங்கள் ஊரில் முதலாளியைக் கூப்பிடும் சொல், மடியில் கிடக்கும் பிள்ளையைக் கொஞ்சும் சொல்லும் அதுதான். இதில் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அவள் இன்னும் வேஷத்திலேயே இருக்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. கை தட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

எங்களுக்குச் சாப்பாடு பின்பக்க கேட்டோரம் போட்டிருந்தார்கள். நான் இலையைத் தொடவில்லை. மருதாள் சாப்பிட்டாள். மோர்வரை சாப்பிட்டாள்.

திரும்பும்போது வேனில் அவள் மேக்கப் பெட்டியைத் திறந்து, அந்தக் குட்டிச் சட்டையை எடுத்தாள். மிஷின் துடைக்கும் வேஸ்ட் துணியைப் போல அதைக் கசக்கி, முகத்து அரிதாரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“கெட்டிக்காரனுங்ணா,” என்றாள். “ஒரு எடத்துலயும் தடுமாறல பாத்தீங்களா? நம்ம சென்னியப்பண்ணனுக்குக்கூட சில நாளு ‘ங்க’ முன்னாலயே உழுந்துரும். இவனுக்கு உழுகவே இல்லீங்க.”

சென்னியப்பன் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார்.

அடுத்து சோமனூரில் மாரியம்மன் நோம்பிக்கு நாடகம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா, பாடிக்கறேன்” என்றாள். பாடவும் செய்தாள், ஒரு சுருதி பிசகவில்லை. எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. விசைத்தறிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து, அந்த இரண்டு எழுத்து விழக் காத்திருந்தார்கள்.

சென்னியப்பன் தட்டை வீசிவிட்டு எழுந்தார். “அம்மா, நீ முன்வாசல்ல வா!”

பெண்கள் பக்கத்தில் அழுகை கிளம்பியது. மருதாள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள்.

“ஆரையுங்க கூப்புடறீங்க?” என்றாள். “உங்கம்மா செத்துப் போயிட்டாங்க சாமி. நீங்க சின்னப் பையனா இருக்கறப்பவே.”

சென்னியப்பன் கையை நீட்டியபடியே நின்றார். இதற்கு அவரிடம் வசனம் இல்லை. படுதாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கவும் யாரும் இல்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் கடைசிப் பாட்டின் முதல் சுரத்தை அழுத்தினேன். அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். ஆர்மோனியப் பெட்டியில் காற்று தீரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். மருதாள் கீழே வைத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போனாள்.