பதினேழு தடவை வெளியே போனாள்

இரவு வேலை முடிந்து மீன் கிடங்கிலிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போனேன். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் மகள் வாண்டுவை முழு நாளும் வகுப்பில் வைத்துக்கொள்வதா, மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவதா என்று அன்று காலை பள்ளியில் முடிவு செய்ய இருந்தார்கள். அரை நாள் என்றால் அக்கா வேலையை விட வேண்டும். வாண்டுவோ தன்னைத் துரத்திவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வாள். பத்தாவதில் என்னை வீட்டுக்கு அனுப்பியபோது நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். திரும்பப் போகவில்லை.

தலைமையாசிரியை அறையில் வாண்டு உட்கார மறுத்துவிட்டாள். பதினொரு வயது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"மாமா, உன் மேல ஐஸ் நாத்தம்."

"மீன் நாத்தம்டி. ஐஸுக்கு ஏது நாத்தம்?"

தலைமையாசிரியை ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "ஒரே மாசத்துல பதினேழு தடவை கிளாஸ விட்டுப் போயிருக்கா, தம்பி."

போன வருடம் வாண்டு மேஜையைக் கவிழ்த்து, ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். அதன் பிறகுதான் சிறப்பு ஆசிரியை அவளுக்கு ஒரு பச்சை அட்டை கொடுத்தார். தலைக்குள் சூடு ஏறினால் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, நடைபாதைக் கோடியில் உள்ள சின்ன அறைக்குப் போகலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஆறியதும் வர வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

தாளைப் படித்தேன். பத்து இருபதுக்குப் போனாள், பத்து இருபத்தாறுக்கு வந்தாள். பதினேழுக்கும் திரும்பிய நேரம் இருந்தது. ஒன்றுகூட ஒன்பது நிமிடத்தைத் தாண்டவில்லை.

"கார்டு வெச்சிட்டுத்தானே போனா?"

ஓரமாக இருந்த சிறப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். "இது அனுமதியில்லாம வெளிய போறவங்களுக்கான ஃபாரமாச்சே?"

"கிளாஸுக்கு வந்த புது சாருக்கு வேற ஃபாரம் யாரும் குடுக்கல," என்றார் தலைமையாசிரியை. குரல் இறங்கியிருந்தது.

"அப்ப நீங்க சொன்னபடி அவ செஞ்சதத்தான் குத்தம்னு எழுதியிருக்கீங்க. இந்த மாசம் எதையாவது ஒடச்சாளா?" என்றேன்.

"இல்ல. சரி, தப்பு எங்க மேலதான். ஆனா கிளாஸ்ல முப்பத்திரண்டு பசங்க இருக்காங்க. முழு நாள் இருக்கட்டும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மட்டும்னு வெச்சுக்கலாம். கையெழுத்துப் போடுங்க."

பேனாவை எடுத்துவிட்டேன். கண் எரிந்தது. அந்த அறையை விட்டு வெளியேறினால் போதும் என்றிருந்தது.

வாண்டு நின்றாள். "மூணாவது தடவ வந்தா?"

"கொஞ்சம் அடக்கிக்கணும்மா."

"அடக்கத் தெரிஞ்சா கார்டு எதுக்கு?"

சிறப்பு ஆசிரியை குனிந்து சிரிப்பை விழுங்கினார். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நான் போடல, மேடம்."

"அப்ப இது கமிட்டிக்குப் போகணும். ரெண்டு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

தலைமையாசிரியை தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிறப்பு ஆசிரியைதான் சொன்னார். "அதுவரைக்கும் பழைய திட்டந்தான். முழு நாள். இத்தன தடவன்னு கிடையாது."

தலைமையாசிரியை அவரை முறைத்தார். அந்தச் சண்டையை அவர்கள் பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

இரண்டு வாரம். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று தெரியாது. வாண்டுவை வகுப்பில் விட்டேன்.

"தூங்கு மாமா. கண்ணு தக்காளியாட்டம் இருக்கு."

கிளம்ப மனம் வராமல் நடைபாதையிலேயே நின்றேன். கால் மணி நேரத்தில் வகுப்புக் கதவு திறந்தது. வாண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். பின்னாலேயே புது ஆசிரியர்.

"எதுக்கு இப்ப...?"

அவள் நின்றுவிட்டாள். தோள்கள் ஏறின.

"கேக்காதீங்க சார்," என்றேன்.

அவர் வாயை மூடினார். வாண்டு கோடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் கையில் அதே ஃபாரம். "நான் இப்ப எழுதவா, வேணாமா?" கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"எழுதுங்க. மேல 'அனுமதியில்லாம'ன்னு இருக்குற தலைப்ப மட்டும் அடிச்சிடுங்க."

அவர் பேனாவைத் தேடினார். வகுப்புக்குள் மீதி முப்பத்தோரு பேரும் கத்த ஆரம்பித்திருந்தார்கள்.