பிரேம்குமார் பெயரில் இன்னொருவன் நோய்

காசநோய் என்று முடிவு வந்ததைக்கூட பிரேம்குமார் தாங்கிக்கொண்டான். அடுத்து டாக்டர் பார்வதி கேட்டதுதான் அவனுக்கு விளங்கவில்லை. ஏற்கெனவே மருந்து ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறீர்களே, ஏன் சொல்லவில்லை என்றார், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. தனக்கு இந்த நோய் வந்ததே இல்லை என்று சத்தியம் பண்ணினான். ஆனால் பேர், அப்பா திம்மப்பன் பேர், ஆதார் எண் எல்லாம் அவனுடையவை. பாதியில் விட்டவர்களுக்குச் சில மாத்திரைகள் கேட்காமல் போகலாம், பழைய விவரம் தெரியாமல் தன்னால் சரியான மருந்து தர முடியாது என்றார் டாக்டர்.

கூட வந்திருந்த மனைவி மாதேஸ்வரி வெளியே வந்ததும் அவன் பக்கம் திரும்பினாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

அவன் மறுபடி உள்ளே போய், அந்தப் பதிவில் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டான். டாக்டர் பாதி படிப்பதற்குள் மீதியை அவனே சொல்லிவிட்டான். ஹரீஷ்குமார் நம்பர்.

ஓசூரில் ஒரே கம்பெனியில், ஒரே ரூமில் இருந்தவர்கள் இருவரும். ஹரீஷுக்குக் கெலவரப்பள்ளிப் பக்கம் நிலம், ரோஜாத் தோட்டம். பிரேமின் அப்பா அந்த மாதிரி தோட்டங்களில் கூலிக்குப் போனவர். ஹரீஷ் வீட்டில் அவன் வாசலைத் தாண்டியதில்லை. ரூமில் மட்டும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஹரீஷ் மாதக்கணக்கில் இருமினான், மெஷின் புகை என்றான். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தது பிரேம்தான். வாடகை ஒப்பந்தத்துக்கென்று தன் ஆதார் நகலை ஹரீஷ் கையில் கொடுத்ததும் அவன்தான்.

அன்றைக்கே தோட்டத்துக்குப் போனான். ஹரீஷ் முதலில் மறுத்தான். நம்பரைச் சொன்னதும் தலை குனிந்தது.

"அப்ப எனக்குப் பொண்ணு பாத்துக்கினு இருந்தாங்கடா. வெளிய தெரிஞ்சா யார் குடுப்பாங்க? உம் பேர்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சன்."

"ஒரே தட்டுல சாப்புட்டமே, அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

ஹரீஷ் ரோஜாச் செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டான். இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிட்டதாக மட்டும் முணுமுணுத்தான். இப்போதும் மழைக்காலத்தில் இருமல் வருகிறதாம். டாக்டரிடம் வந்து உண்மையைச் சொல் என்றான் பிரேம். நடந்ததை வீட்டில் சொல்லிவிடாதே என்று மட்டும் ஹரீஷ் கெஞ்சினான். அவன் உண்மையைச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு வருவான் என்ற நம்பிக்கை இல்லாமல்தான் பிரேம் திரும்பினான்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய பதிவை மறுபடி படித்தார். பதிவு உங்களுடையது இல்லை, ஆனால் அந்தக் கிருமி உங்களுக்கும் வந்திருக்கலாம் என்று சொல்லி, எந்த மருந்துக்கு அது அடங்காது என்று பார்க்கச் சளியை மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினார். சந்தேகப்பட்டது சரிதான். ஒரு முக்கியமான மாத்திரை அவனுக்கு வேலை செய்யவில்லை. வேறு மருந்து, நீண்ட நாள் சிகிச்சை. மாதேஸ்வரிக்கும் பரிசோதனை நடந்தது. நல்லவேளை, அவளுக்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் போன பிறகு ஹரீஷ் ஒருநாள் வந்தான். உண்மையைச் சொன்னான். பதிவு அவன் பேருக்கு மாறியது. போகும்போது பிரேம் பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வாய மூடிக்கினு இருமு" என்றான் பிரேம். மாதேஸ்வரியை அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். வழியெல்லாம் அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். அவனுக்குத்தான் அழுகை அடங்கவில்லை.