மூன்றாவது நாற்காலி

1964-லும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வெள்ளைக்காரர் ஆட்சி மிச்சமிருந்த இடம் ஒன்று உண்டு: 'ஆங்கிலம் பேசும் அயல்நாட்டு வர்த்தகர் சங்கம்'. ஆளுவதற்கு இரண்டு பேர்: தலைவர் ஹார்க்னெஸ் துரை, செயலாளர் பெல் துரை. ஆளப்படுவதற்கு ஒருவர்: குமாஸ்தா தைரியராஜ்.

மூன்றாவது உறுப்பினர் போன மாதம் கப்பலேறிவிட்டார். வினை அதில்தான் வந்தது. ஆண்டுக் கூட்டத்தில் மூன்று பேர் நேரில் இல்லாவிட்டால் சங்கம் கலைந்ததாக அர்த்தம் என்பது விதி. கலைந்தால் கட்டடம் ஏலத்துக்குப் போகும். அந்தக் கட்டடத்தின் பின்கட்டில்தான் தைரியராஜ் குடியிருந்தார்.

"நாலு பொண்ணுங்கள இட்டுக்கினு எங்க போறது?" என்றாள் மனைவி சவரிமேரி. "ஒங்க தொரைங்க கப்பல்ல எடம் போட்டுத் தருவாங்களாமா?"

சிதம்பரம் கீழவீதியில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருப்பதாகக் கேள்விப்பட்டு, பையில் ஒரு டையை மடித்து வைத்துக்கொண்டு தைரியராஜ் பஸ் ஏறினார். வழியெல்லாம் இங்கிலீஷில் ஒத்திகை. கதவைத் திறந்த வெள்ளைக்காரர் வேட்டியும் விபூதியும் ருத்திராட்சமுமாக நின்று, அந்த இங்கிலீஷ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அன்பரே, என் பெயர் அம்பலவாணன். தேவாரம் கற்று முடிக்கும்வரை ஆங்கிலம் பேசுவதில்லை என்று நோன்பு பூண்டிருக்கிறேன்."

"பேசவே வேணாங்க. வந்து குந்தினா போதும். கழுத்துல இத மட்டும் கட்டிக்கணும்."

"கழுத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆனாலும் தங்கள் குடியிருப்புக்காக வருகிறேன்."

கூட்டத்தன்று ஹார்க்னெஸ் துரை புது உறுப்பினரை ஐந்து நிமிஷம் வரவேற்றுப் பேசினார். பதிலுக்கு அம்பலவாணன் செந்தமிழில் நன்றி சொன்னார். முப்பது வருஷமாகக் கடலூரில் இருக்கும் துரைக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல். அதில் ஒன்று இந்தி.

"இந்த மனிதர் என்ன சொல்கிறார்?" என்று அவர் தைரியராஜிடம் இங்கிலீஷில் கேட்டார். வெள்ளைக்காரர் சொன்னதை வெள்ளைக்காரருக்குத் தைரியராஜ் மொழிபெயர்த்தார்.

பெல் துரை விதிப்புத்தகத்தைப் புரட்டினார். உறுப்பினர் ஆங்கிலம் பேசவேண்டும்; அந்நிய மண்ணில் பிறந்திருக்கவேண்டும். நிறத்தைப் பற்றி ஒன்றுமில்லை. அதை எழுதிவேறு வைக்கவேண்டுமா என்று ஸ்தாபகர்கள் நினைத்திருப்பார்கள்.

"இந்த அறையில் ஆங்கிலம் பேசுபவர்கள் எத்தனை பேர்?" என்றார் பெல்.

தலைவர் எண்ணினார். மூன்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். அப்போதும் மூன்று.

"ஆனால் நீ இங்கேதானே பிறந்தாய்?" என்றார், மூன்றாவதாக எண்ணிய தைரியராஜைப் பார்த்து.

தைரியராஜ் பின்கட்டுக்கு ஓடி, டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தோடு வந்தார். அவர் தலைச்சன் பிள்ளை. தலைப்பிரசவத்துக்கு அவருடைய அம்மா வழக்கப்படி தாய்வீடு போனாள். தாய்வீடு புதுச்சேரி, அப்போது அது பிரெஞ்சு ராஜ்யம். ஞானஸ்நானச் சான்றிதழ் பிரெஞ்சில் இருந்தது. அங்கே யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அதனால் அதன் மதிப்பு இன்னும் கூடியது.

"பிரெஞ்சுக்காரனா?" என்றார் ஹார்க்னெஸ் துரை துக்கத்தோடு. "உன் காபியைக் குடித்தபோதே எனக்குச் சந்தேகம்."

டை தைரியராஜின் கழுத்தில் ஏறியது. மூன்றாவது நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். கூட்டம் தொடங்கி வெகுநேரமாகியும் காபி வரவில்லை. கொண்டுவரவேண்டியவர் உறுப்பினராகிவிட்டார். அம்பலவாணன் தாமே எழுந்து உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இந்த உள்ளூர்க்காரர் பரவாயில்லை," என்று தலைவர் பெல்லின் காதில் சொன்னார்.

கூட்டத்தில் பேசவேண்டிய கடைசிப் பொருள் வருஷாவருஷம் வருவது: உள்ளூர்க்காரர்களை உறுப்பினராகச் சேர்க்கலாமா? வருஷாவருஷம் தள்ளப்படுவதும்கூட.

"கூடாது என்பவர்கள் கை தூக்கலாம்."

கதவோரம் சவரிமேரி நின்றிருந்தாள். தைரியராஜ் அவளைப் பார்த்தார், பின்கட்டைப் பார்த்தார். மற்ற இருவருக்கும் முன்னால் அவர் கை எழுந்தது.

'ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது' என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதியதும் அவர்தான். அழகான கையெழுத்து.